“சந்தேகம் யார் மேல?”

திருட்டுப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். என்ன போனது, எப்போது போனது, எவ்வளவு பெறும் என்றெல்லாம் எழுதி முடித்ததும் ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். “சந்தேகம் யார் மேல?” என்பார். காதில் விழும்போது சாதாரணக் கேள்விதான். வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டம், ரத்தாகி எழுபது வருடம் தாண்டிய பிறகும், இந்தக் கேள்விக்குள் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கிறது என்பது என் கட்சி.

நான் வக்கீல் இல்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறேன். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண்ணை நம்பி இந்த ஊரில் முளைத்த தொழில் இது. ஜாடி, பொம்மை, இன்சுலேட்டர் என்று ஆளுக்கொரு சரக்கு. என் சரக்கு பியூஸ் கட்டை. உங்கள் வீட்டு மீட்டர் பலகையில் வெள்ளையாக இருந்ததே, அதுதான். பிளாஸ்டிக்கும் டிரிப் சுவிட்சும் வந்து எங்கள் வயிற்றில் அடித்துவிட்டன. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. பியூஸ் கட்டைக்குள் பித்தளைத் துண்டு வைத்துத் திருக வேண்டும். அந்தப் பித்தளைதான் முதலீட்டில் முக்கால்வாசி. ஒரு மழைக்கால ராத்திரி ஸ்டோர் ரூம் பூட்டை உடைத்துப் பித்தளை மூட்டைகளை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுக்கி வைத்திருந்த பீங்கானை ஒருவரும் தொடவில்லை. காயலான் கடையில் அதற்கு விலை கிடையாது.

“சந்தேகம் யார் மேலயும் இல்லைங்க” என்றேன்.

“அப்படி மொட்டையா எழுதுனா எப்படி சார்? உங்க கம்பெனிக்குப் பின்னால குறவர் தெரு இருக்குல்ல. நம்ம லிஸ்ட்டுல இருக்கற ஆளுங்க ரெண்டு மூணு பேரு அங்க இருக்காங்க. சந்தேகம்னு ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க. ரெண்டு நாள்ல சரக்கு வந்துரும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து, மேலதிகாரி திட்டு என்று அவருக்கும் ஆயிரம் தொல்லை. அந்த லிஸ்ட்டில் இருப்பவர்கள் இதற்கு முன்னால் என்ன திருடினார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “அதெல்லாம் அவங்க அப்பன் காலத்துலேருந்தே இருக்குது சார்” என்றார்.

இதைத்தான் சட்டமாக எழுதினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம், 1871. அப்பன் திருடன் என்றால் பிள்ளையும் திருடன், பேரனும் திருடன். தச்சனுக்குப் பிறந்தவன் தச்சு வேலை செய்வதுபோல் சில சாதியார் திருட்டையே குலத்தொழிலாகச் செய்கிறார்கள் என்று கல்கத்தாவில் உட்கார்ந்து முடிவு கட்டினார்கள். முதலில் வட இந்தியாவில் போட்டுப் பார்த்து, 1911-இல் திருத்தி எழுதி, நம் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். அரசு ஒரு சாதியின் பெயரை அறிவித்துவிட்டால் தீர்ந்தது. அந்தச் சாதியார் பெயரைப் பதிந்து பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் போய் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தலையைக் காட்ட வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழு வருடம், மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். சந்தேகத்துக்கு இடமான இடத்தில் நின்றதற்கே மூன்று வருடம் வரை உள்ளே தள்ளலாம். அறிவிப்பே தப்பு என்று வழக்குப் போடவும் முடியாது. அதை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்தக் கடைசி விஷயம்தான்.

இது எங்கோ நடந்த கதை இல்லை. 1906-இல் பிரான்சிஸ் என்ற துரை எழுதிய தென்னார்க்காடு கெசட்டியரில் விருத்தாசலம் தாலுகா வேப்பூர் சுற்றுவட்டாரத்துப் பறையர்களைத் திருட்டுக் கூட்டம் என்றே எழுதி வைத்தார். தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதியபோது அதுவும் ஏறிக்கொண்டது. ஊர்ப் பெயரோடு சேர்த்து ஒரு மக்கள் கூட்டத்துக்கே முத்திரை. பிறகு அவர்களைக் கூட்டி அடைத்து வைக்க செட்டில்மென்ட். தென்னார்க்காட்டில் அதற்கு அஜீஸ் நகர் என்று பெயர். உளுந்தூர்பேட்டையை ஒட்டி அந்தப் பெயரில் இன்றைக்கும் ஊர் இருக்கிறது. நாற்கரச் சாலையில் திருச்சிக்குக் காரில் பறக்கிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

குறவர்கள் விஷயம் இன்னும் கொடுமை. அவர்களில் பல பிரிவினர் வியாபாரிகள். கடற்கரை உப்பைக் கழுதையிலும் பொதிமாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சேலம் உப்புக் குறவர் என்று அரசுப் பட்டியலில் இன்றும் ஒரு பெயர் இருக்கிறது. கடலூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகச் சேலத்துக்கு இன்று ரயில் போகிறது. ரயில் வந்தது, உப்பைச் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டது. பொதிமாட்டுக்காரர்களுக்குப் பிழைப்பு போனது. மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் போன காட்டை வனச் சட்டம் பூட்டியது. பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, வேலை இல்லாமல் சுற்றுகிறான் என்று பெயர் எழுதிக்கொண்டார்கள். இந்தக் கணக்கை ஆவணங்களைக் கொண்டு மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார்.

எதிர்ப்பு வராமல் இல்லை. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் செத்தார். ஜார்ஜ் ஜோசப் என்ற மலையாளி வக்கீல் அந்த மக்களுக்காக வாதாடினார். மதுரைப் பக்கத்தில் அவரை ரோசாப்பூ துரை என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். எண்ணிக்கை பலமும் நிலமும் கொஞ்சம் இருந்த சாதிகள் போராடி மேலே வந்தன. பத்து வீடு, இருபது வீடாக ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த குறவர், ஒட்டர், இருளர் போன்றோருக்கு அந்த வழி இல்லை. இருளர் மேல் ரேகைச் சட்டம் பாய்ந்ததோ இல்லையோ, திருட்டுக் கேஸ் மட்டும் இன்றைக்கும் பாய்கிறது. ஓட்டுக் கணக்கில் வராதவனுக்குச் சட்டப் புத்தகத்தில் நடக்கும் மாற்றம் தெருவுக்கு வந்து சேருவதில்லை.

இந்த மாதிரிச் சட்டத்தை வெள்ளைக்காரன் எல்லைப் பகுதிகளுக்கென்றே தனியாகத் தைத்துக் கொடுத்தான். வடமேற்கில் பட்டாணியர் மேல் 1901-இல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறை வந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கூட்டத்தையே பிடித்து அடைக்கலாம், ஆடுமாடு முதல் வீடு வரை பறிமுதல் செய்யலாம். மேல்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. சுதந்திரம் அடைந்த பாகிஸ்தான் இதைத் தூக்கிப் போட்டதா என்றால், இல்லை. கூட்டுத் தண்டனையாகப் பெண்களையும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் கைது செய்யக்கூடாது என்ற திருத்தமே 2011-இல்தான் வந்தது. 2018-இல் அந்தப் பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்தூன்கவா மாகாணத்தோடு சேர்த்த பிறகே சட்டம் ஒழிந்தது. பாகிஸ்தானைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் யோக்கியதை இல்லை. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை நசுக்க 1942-இல் போட்ட அவசரச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் 1958-இன் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில் 2021 டிசம்பரில், சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளிகளைத் தீவிரவாதிகள் என்று எண்ணிப் படையினர் சுட்டார்கள். மாநிலப் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. வழக்கு நடத்த அந்தச் சட்டப்படி வேண்டிய அனுமதியை மத்திய அரசு தரவில்லை.

விருத்தாசலத்துக்கும் நாகாலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே எல்லை மலையில் இருக்கிறது. இங்கே கம்பெனிக் காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒருவன் தப்புக்குக் கூட்டமே பதில் சொல்ல வேண்டும், அதிகாரி தப்புக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு இடத்திலும் இதே நடைமுறைதான்.

சென்னை மாகாணம் ரேகைச் சட்டத்தை 1947-இலேயே ரத்து செய்தது. நாடு முழுக்க அது ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31-இல். ஆகஸ்ட் 31-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடும் சமூகங்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆனால் இங்கே ரத்தான அடுத்த வருடமே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று இன்னொன்றைச் சென்னை கொண்டுவந்தது. சாதியின் பெயர் போனது, ஆளின் பெயர் வந்தது. பதிவு, ரேகை, நடமாட்டக் கட்டுப்பாடு எல்லாம் அப்படியே. விரிசல் விட்ட சாமான் மேல் கிளேஸ் பூசிச் சூளைக்கு அனுப்புவதற்கு ஒப்பானது இது. வைக்கும்போது பளபளவென்று இருக்கும். வெந்து வெளியே வரும்போது பழைய விரிசல் அதே இடத்தில் நிற்கும். அந்தச் சட்டத்தில் நேரடியாக எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. பழைய பதிவேட்டிலிருந்த குடும்பங்களின் பெயர்கள்தான் புதிய பதிவேட்டுக்கு முதல் சரக்கு. அதற்குத் துணையாகக் காவல் நிலையத்தில் சரித்திரப் பதிவேடு. தண்டனையே பெறாதவன் மேலும், சந்தேகத்தின் பேரில் அதைத் திறக்கலாம். அப்புறம் 109, 110. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து அவை 128, 129 ஆகிவிட்டன. காலனியச் சின்னங்களை ஒழிக்கிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தில் நம்பர் மட்டும் மாறியது.

எங்கள் தாலுகா ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு பெயரில் அடங்கும். ராஜாக்கண்ணு. முதனை கிராமத்துக் குறவர். 1993 மார்ச்சில், அறுப்பு வேலைக்குப் போன ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. கம்மாபுரம் போலீஸ் அவரைத் தேடி வந்தது. ஆள் இல்லை என்றதும் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் பிடித்துக்கொண்டு போனது. பட்டாணியர் மலையில் எழுத்தில் இருந்த கூட்டுத் தண்டனை இங்கே எழுத்தில்லாமல் நடந்தது. பிறகு ராஜாக்கண்ணு கிடைத்தார். அடித்தே கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று எழுதி வைத்தார்கள். உடல் மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது. பார்வதி சும்மா இருக்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். காவலர்களுக்குத் தண்டனை உறுதியாகக் கிட்டத்தட்ட பதிமூன்று ஆண்டு ஆனது.

2021-இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது நாடே இந்தக் கதையைப் பார்த்து அழுதது. படத்தில் ராஜாக்கண்ணு இருளர். நிஜத்தில் குறவர். கதைக்காக மாற்றியிருக்கலாம், அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. என் வருத்தம் வேறு. படம் பார்த்த நாங்கள் எல்லோரும் போலீஸை மட்டும்தான் திட்டினோம். நகை போன வீட்டுக்காரரின் வரிசையில்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தொழிற்பேட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சந்தேகம் எழுதித் தர மறுத்தபோது, பக்கத்துக் கம்பெனி நண்பர் கேட்டார்: “உனக்கென்னய்யா பைத்தியமா? எழுதிக் குடுத்தா போலீஸ் பாத்துக்கப் போவுது. சரக்கு வேணுமா, வேணாமா?” அவரும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்தான்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பொருள் போனவனுக்குப் பொருள் வேண்டும். விசாரணை என்பது நாளாகும் வேலை. பூட்டு எப்படி உடைந்தது, வண்டி எது, எந்தக் காயலான் கடையில் பித்தளை இறங்கியது என்று தேட ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பதிவேட்டைப் புரட்ட ஐந்து நிமிடம் போதும். நாம் அவசரப்படுத்தினால், மேலதிகாரி கண்டுபிடிப்புக் கணக்குக் கேட்டால், கை பதிவேட்டுக்குத்தான் போகும். பிடித்துவந்தவன் அடி தாங்காமல் ஒப்புக்கொள்வான். எங்கிருந்தோ கொஞ்சம் பொருள் மீட்கப்படும். நாம் நன்றி சொல்லிவிட்டு வருவோம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் 2025 ஜூனில் காவலாளி அஜித்குமார் செத்தது என்ன வழக்கில்? காரில் வந்த ஒருவரின் நகை காணவில்லை என்ற புகாரில்தான்.  ஒரு கூட்டத்தை அடித்துப் பழகிய கை அந்தக் கூட்டத்தோடு நிற்காது.

என் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, அவ்வளவுதான். பித்தளை இன்றுவரை வரவில்லை. சொல்ல வந்தது அதுவல்ல. எங்கள் கம்பெனியில் பேக்கிங்கிலும் லோடு ஏற்றுவதிலும் அந்தக் குறவர் தெருப் பையன் ஒருவன் இருந்தான். வைக்கோல் திணித்து அட்டைப் பெட்டி கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை; அவன் கட்டிய பெட்டியில் கட்டை உடைந்தது என்று எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை. திருட்டு நடந்த மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மேஸ்திரி ஒரு மாதிரி சிரித்தார். நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அத்தை திண்ணையில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். தெருவில் வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவரும் கண்ணில் படவில்லை.

“அவன் ஊருக்குப் போயிருக்கான் மொதலாளி.”

“எந்த ஊருக்கும்மா?”

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “எங்கனா களவு போச்சின்னா ஆம்பளைங்கள ராத்திரிக்கு வூட்டுல தங்க வெக்க மாட்டோம். கரும்புக்காட்டுப் பக்கமோ, ஒறமொற வூட்டுக்கோ போயிடுவாங்க. அது எங்க வழக்கம்.”

“நான் அவன் பேரை எழுதிக் குடுக்கலம்மா.”

“நீங்க எழுதலன்னா?” என்று மட்டும் கேட்டார்.

இன்னும் பத்து வருடம் போனால் இந்தப் பழக்கத்தையே எவராவது சாட்சியாகக் காட்டுவார்கள்: களவு நடந்த ராத்திரி வீட்டில் இல்லை, தலைமறைவு. பயந்து ஓடினாலும் குற்றம், ஓடாமல் இருந்தாலும் குற்றம்.

வழக்கமாகத் திருடுகிறவர்கள் இல்லையா, அவர்களைக் கண்காணிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள். எங்கள் பேட்டையிலேயே மின்வாரியக் கம்பியை வெட்டி விற்றுக் கம்பி எண்ணிவிட்டு வந்து மறுபடி வெட்டினவர்களைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் தண்டித்த ஆளை, அந்தத் தண்டனையை வைத்து, இத்தனை வருடம் என்று கெடு வைத்துக் கண்காணியுங்கள். அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், எதிர்த்து வாதாட வழி கொடுங்கள், கெடு முடிந்ததும் ஏட்டை மூடுங்கள். தெருவைக் கண்காணிப்பது, அப்பன் பெயரைப் பார்ப்பது, ஒரு கேஸிலும் தண்டனை ஆகாதவனை லிஸ்ட்டில் வைத்திருப்பது எல்லாம் விசாரணையில் சேராது; சோம்பேறித்தனத்தில் சேரும்.

உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்துவிட்டது. சிறைகளில் சாதி பார்த்து வேலையும் கொட்டடியும் பிரிப்பதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கில் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சிறைக் கையேடுகளில் சாதி விதிகள் செல்லாது என்றது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ரேகைச் சட்டப் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வரிகளையும் அடித்துப்போட்டது. வழக்கமான குற்றவாளி என்ற பெயரில் பழைய பார்வையே தொடர்வதைச் சுட்டிக்காட்டியது. சீர்மரபினரை மனம்போன போக்கில் கைது செய்யாமல் முந்தைய தீர்ப்புகளின் நெறிமுறைகளைப் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு 2007-இலேயே இந்த வழக்கமான குற்றவாளிச் சட்டங்களை ரத்து செய்யச் சொல்லி இந்தியாவிடம் கேட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் நாம் 1997-இல் கையெழுத்துப் போட்டோம். அதை உறுதி செய்ய இன்னும் மனது வரவில்லை.

திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வைத்துக்கொண்டு வருடக் கணக்காகக் காவல் நிலைய வாசல்களில் நிற்கிறார். பொய்க் கேஸ், அடிதடி, 2011-இல் திருக்கோவிலூர் பக்கம் இருளர் பெண்களுக்கு நடந்த கொடுமை என்று அவர் தூக்கிய வழக்குகள் ஏராளம். ஒரு மனிதரும் ஒரு சங்கமும் ஒரு மாவட்டத்துக்குப் போதும். மாநிலத்துக்குச் சட்டம்தான் வேண்டும்.

சமூக நீதியில் நாட்டுக்கே வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் சட்டமன்றம் 1948-ஆம் வருடச் சட்டத்தை ஒரு பகல் வேலையில் ரத்து செய்யலாம். ஒரு கட்சியும் எதிர்த்து ஓட்டுப் போடாது. சீர்மரபினர் பட்டியலை வைத்து எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன, சீர்மரபு வகுப்பா (டி.என்.சி.) சீர்மரபுப் பழங்குடியா (டி.என்.டி.) என்ற சான்றிதழ்ச் சண்டையில் 2019-இல் அரசாணையே வந்தது. அந்தச் சான்றிதழ் படிப்புக்கும் வேலைக்கும் வேண்டியதுதான், நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தோகைமலைக் குறவர், வரகனேரிக் குறவர், கந்தர்வகோட்டைக் குறவர், கடலூர் மாவட்டம் வெள்ளையன்குப்பம் படையாட்சி. ஒரு மாவட்டத்தில் ஒரேயொரு குப்பத்துப் படையாட்சி மட்டும் தனிச் சாதியாக எப்படி ஆனார்? போலீஸ்காரர் எழுதிய ஊர்ப் பெயர் அது. சலுகைக்கான பட்டியலே பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதியதுதான். அந்தப் பதிவேட்டின் இன்னொரு பிரதி ஸ்டேஷன் அலமாரியில் இருப்பதைப் பற்றிக் கேட்க மட்டும் யாருக்கும் வாய் வருவதில்லை.

சட்டமன்றம் வரை போகாமலே நடக்கக்கூடியதும் ஒன்று உண்டு. மாவட்டக் கண்காணிப்பாளர் மனது வைத்தால் போதும். சரித்திரப் பதிவேடுகள் எத்தனை திறந்திருக்கின்றன, அவற்றில் ஒரு தண்டனையும் பெறாதவர்கள் எத்தனை பேர், ஏடு திறந்தபோது அவர்களுக்கு என்ன வயது, எந்தெந்தத் தெரு, கடைசியாக எப்போது ஓர் ஏடு மூடப்பட்டது என்று மட்டும் கணக்கெடுத்து வெளியிடச் சொல்லலாம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் ஆயிற்று. சிறு தொழிலதிபர்கள் சங்கத்தின் பெயரில் கேட்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் சொன்னேன். சிலர் தலையசைத்தார்கள். சிலர், போலீஸோடு எதற்கு வம்பு, நாளைக்கு நம்ம கம்பெனியில் களவு போனால் யார் வருவார்கள் என்றார்கள். பக்கத்துக் கம்பெனி நண்பரும் இதையே சொன்னார். மனுவை என் பெயரிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.